கம்ப்யூட்டருக்குத் தண்ணி காட்டுவோம்!



நம்ம பசங்க மத்தியில் இப்போது 'வாட்டர் கூலிங்' பேச்சுதான் பெரும்பேச்சு. யாராவது ஒருவன் போனை நீட்டி, "ஏலே, இதப் பாரு மக்கா, என்னமா இருக்கு!" என்று காட்டுவான். கண்ணாடிப் பெட்டி, உள்ளே நீலமும் ஊதாவுமாகத் தண்ணீர் ஓடும் குழாய்கள், கல்யாண வீடு மாதிரி சீரியல் லைட்டு. உடனே அடுத்த கேள்வி பிறக்கும்: "எந்த பிளாக் வாங்கலாம்? லைட்டு உள்ளதா, இல்லாததா?"

என் கட்சி இதற்கு நேர் எதிர். முதன்முதலாக லூப் கட்டப் போகிறவன் முதலில் முடிவு செய்ய வேண்டியது தண்ணீரை. இரண்டாவது உலோகம். பிறகு ரேடியேட்டர், பம்பு, ஃபிட்டிங், டியூப். பிளாக் கடைசியில் வரட்டும். லைட்டு அதற்கும் பின்னால் நிற்கட்டும். திசையன்விளை மாதிரி ஒரு ஊரில் இருந்துகொண்டு இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய பணம் ஆறே மாதத்தில் வெள்ளை மாவாகக் குழாய்க்குள் மிதக்கும்!

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புராசஸர் மேலும் கிராபிக்ஸ் கார்டு மேலும் ஒரு செம்புக் கட்டி உட்காரும். அதன் பெயர்தான் பிளாக். பம்பு தள்ளும் தண்ணீர் அந்தக் கட்டிக்குள் நுழைந்து சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும். அங்கே ஃபேன் காற்று சூட்டைப் பிரித்து அறைக்குள் விடும். ஆறிய தண்ணீர் தொட்டிக்கு வந்து மறுபடியும் பம்புக்குள் போகும். நம்ம டிராக்டர் என்ஜினில் நடப்பதும் இதுதான். ஆகவே இது கம்ப்யூட்டர் பிரிவின் தனிச்சொத்து இல்லை. பாதிக்கு மேல் மெக்கானிக்கலும் ஆட்டோமொபைலும் முதலாமாண்டு கெமிஸ்ட்ரியும்தான். (கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் கோபிக்க வேண்டாம். விண்டோஸ் போட உங்களைத்தான் கூப்பிடுவோம்.)

தண்ணீர் ஏன்? ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4.18 கிலோ ஜூல் வேண்டும். காற்றுக்குச் சுமார் 1 போதும். எடையை விட்டுக் கொள்ளளவைப் பார்த்தால், ஒரே அளவு இடத்தில் தண்ணீர் சுமக்கும் சூடு காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு. இன்னொரு கணக்கு: நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் லூப்பில் 300 வாட் சூடு சேர்ந்தால், தண்ணீர் ஏறுவது ஏறத்தாழ ஒரு டிகிரிதான். அதனால் "புராசஸருக்கு முதலில் போகணுமா, கார்டுக்கு முதலில் போகணுமா?" என்று ராத்திரி முழுக்க நடக்கும் வாதம் வீண் வாதம். எப்படி இணைத்தாலும் தண்ணீரின் சூடு எங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே விதி, பம்புக்கு முன்னால் தொட்டி இருக்க வேண்டும், அதுவும் பம்பைவிட மேலே.

'இதெல்லாம் பணக்காரப் பிள்ளைகள் விளையாட்டு' என்று ஒதுக்குபவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் ஒருமுறை திருச்சிப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். 2022 மே மாதம் திருச்சி என்.ஐ.டி.யில் 'பரம் பொருள்' என்ற சூப்பர் கம்ப்யூட்டர் தொடங்கிவைக்கப்பட்டது. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் சி-டாக் நிறுவனம் அமைத்தது, வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். அதில் சூட்டைத் திரவம் நேரடியாகத் தொட்டு எடுத்துச் செல்கிறது. காரணம் அழகு இல்லை, கரண்டு பில்! குளிரூட்டச் செலவாகும் மின்சாரத்தைக் குறைத்து ஓட்டுச் செலவைக் குறைப்பதுதான் நோக்கம். ஐ.பி.எம். கம்பெனி 1980-ல் கொண்டுவந்த 3081 என்ற பெரிய கணிப்பொறியே தண்ணீரில் குளிர்ந்ததுதான். இடையில் 1990-களில் சூடு குறைந்த சிப்புகள் வந்ததும் காற்றுக்குத் திரும்பினார்கள். 2008-ல் பவர் 575 மெஷினில் மறுபடியும் தண்ணீருக்கே வந்தார்கள். சூடு ஏறினால் தண்ணீர்தான் கதி!

அதே சமயம் நியாயமாகவும் பேச வேண்டும். 65 வாட் புராசஸர் போட்டு, படம் பார்த்து, ஆட்டோகேடு போடுகிறவனுக்கு லூப் தேவையே இல்லை. சாதாரண ஹீட் சிங்க் ஃபேனே தாராளம். புராசஸர் 180 வாட், கார்டு 170 வாட் என்று மொத்தம் 350 வாட்டைத் தொடும் மெஷின் இருந்து, மணிக்கணக்கில் ரெண்டரிங் ஓடினால் யோசிக்கலாம். இல்லை, 'கட்டிப் படிக்கணும்' என்ற ஆசை இருந்தாலும் தாராளமாகக் கட்டலாம். டிப்ளமோ படிக்கிறவனுக்கு அந்தக் காரணமே போதும்.

இனி தண்ணீருக்கு வருவோம். நம்ம ஊர்த் தண்ணீரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் உவரிக் கடல், இன்னொரு பக்கம் தேரி. போர் போட்டால் பல இடங்களில் உப்பு. போதாததற்குச் சுண்ணாம்பு. 2021-ல் நல்ல மழை பெய்தபோது பக்கத்து ஆயன்குளத்துக் கிணறு ஒன்று வாரக்கணக்கில் வெள்ளத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்தும் நிரம்பவில்லை என்று ஊரே போய்ப் பார்த்தது ஞாபகம் இருக்கும். சென்னை ஐ.ஐ.டி. குழு வந்து ஆராய்ந்து, நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புப் பாறையில் குகை போன்ற வழிகள் இருப்பதாகச் சொன்னது. கிணற்றுக்கு அது அதிசயம். கம்ப்யூட்டருக்கு அது எமன்! சுண்ணாம்புப் பாறையில் ஊறிவரும் தண்ணீர் கடினநீர். வீட்டு ஹீட்டர் காயிலில் படியும் அந்த வெள்ளைப் பொருக்கை நினைத்துப் பாருங்கள். பிளாக்குக்குள் இருக்கும் வாய்க்கால்களின் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கே ஒரு துளி பொருக்கு போதும்.

"அப்போ ஆர்.ஓ. தண்ணி ஊத்தலாம்ல?" என்பார்கள். கூடாது. ஆர்.ஓ. உப்பைக் குறைக்கும், ஒழிக்காது. குடிக்கும் கேன் தண்ணீரில் ருசிக்காகச் சில உப்புகளைத் திரும்பச் சேர்ப்பதும் உண்டு. நமக்கு வேண்டியது டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக் கடையில் கிடைக்கும் சீல் உடையாத கேன் வாங்கலாம், ஆனால் நம்பி ஊற்றக் கூடாது. ஆர்.ஓ. சர்வீஸ் பண்ணும் அண்ணாச்சியிடம் பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். ஒரு டம்ளரில் ஊற்றி விட்டுப் பாருங்கள். ஒற்றை இலக்கத்தில் காட்டினால் சரி, இல்லையென்றால் கேனைத் திருப்பிக் கொடுங்கள். அதோடு பாசி பிடிக்காமலும் அரிக்காமலும் இருக்க, கம்ப்யூட்டர் லூப்புக்கென்றே விற்கும் மருந்தை அளவாகச் சேர்க்க வேண்டும். கலந்தே வரும் தெளிவான திரவமும் வாங்கலாம். பால் மாதிரி கெட்டி நிறத்தில் வருவது முதல் லூப்புக்கு வேண்டவே வேண்டாம். அதில் மிதக்கும் நிறத்துகள் நாளடைவில் அந்தச் சின்ன வாய்க்கால்களிலேயே படியும். கிளைக்கால் கலந்த திரவமானால் இன்னொரு எச்சரிக்கை: எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். வீட்டில் சின்னப் பிள்ளைகளோ நாயோ இருந்தால் பாட்டிலைப் பரண் மேல் வையுங்கள்.

'சுத்தமான தண்ணீர் கரண்டைக் கடத்தாதே, பிறகு லீக் ஆனால் என்ன?' என்று சிலர் தைரியம் சொல்கிறார்கள். கேனில் இருக்கும் வரைக்கும்தான் அது சுத்தம். லூப்பில் சில நாள் சுற்றினால் உலோக அயனிகளை வாங்கிக்கொண்டு கடத்த ஆரம்பித்துவிடும். மதர்போர்டு மேல் இருக்கும் தூசியும் நம்ம ஊர்க் காற்றின் உப்பும் வேறு அதில் கரையும்.

இவ்வளவு தூரம் தண்ணீரைப் பார்க்க வேண்டுமா என்று தோன்றினால் கூடங்குளத்தை நினையுங்கள். அதன் அரசியலை நான் இங்கே பேச வரவில்லை, குழாயை மட்டும் பேசுகிறேன். 2013-ல் முதல் உலையும் 2016-ல் இரண்டாவது உலையும் மின்தொகுப்பில் இணைந்தன. ஒவ்வொன்றிலும் 3,000 மெகாவாட் சூடு உண்டாகி 1,000 மெகாவாட் மின்சாரம் ஆகிறது. மிச்சச் சூடு பெரும்பாலும் கடலுக்குப் போகிறது. இத்தனைக்கும் பக்கத்திலேயே கடல் இருந்தும், உலையைத் தொடும் தண்ணீர் கடல் தண்ணீர் இல்லை. உப்பு நீக்கிச் சுத்தம் செய்த நீர் மூடிய குழாய்களுக்குள் தனியாகச் சுற்றுகிறது. நீராவிக்கு இன்னொரு தனி வட்டம். கடல் நீர் மூன்றாவதாக, கன்டென்சரைத் தொட்டுவிட்டுப் போய்விடும். சூட்டைத் தொடும் தண்ணீர் வேறு, சூட்டை வெளியேற்றும் ஊடகம் வேறு. நம்ம லூப்பில் கடலுக்குப் பதில் அறைக் காற்று, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது உலோகம். கடைக்காரர் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்: "அண்ணாச்சி, இந்த ரேடியேட்டர் செம்பா, அலுமினியமா?" முதலாமாண்டில் மனப்பாடம் செய்த மின்முனை அழுத்த அட்டவணை இங்கேதான் உதவும். செம்பு +0.34 வோல்ட், அலுமினியம் -1.66 வோல்ட். இரண்டையும் ஒரே தண்ணீரில் போட்டுக் குழாயால் இணைத்தால் என்ன ஆகும்? லேபில் செய்த கால்வானிக் செல்தான்! அலுமினியம் தன்னைத் தின்னக் கொடுக்கும். ரேடியேட்டர் உள்ளே குழி விழும், வெள்ளைக் கூழ் கிளம்பும், அது பிளாக்கில் போய் அடைக்கும்.

மலிவு விலையில் பார்த்த ரேடியேட்டரில் பெரும்பாலும் அலுமினியம்தான் இருக்கும். பிளாக்கோ பெரும்பாலும் செம்பு, அல்லது செம்பின் மேல் நிக்கல் முலாம். தனித்தனியாக இரண்டும் நல்ல சாமான்கள். சேர்த்தால்தான் வம்பு. அலுமினியத்தைக் கெட்டது என்று நான் சொல்லவில்லை. 2017-ல் ஸ்லோவேனியாவின் ஈ.கே. கம்பெனி முழுக்க முழுக்க அலுமினியத்திலேயே மலிவான கிட் ஒன்றைக் கொண்டுவந்தது. எல்லாம் ஒரே உலோகம் என்பதால் அது முறைதான். ஆனால் அப்படிப்பட்ட கிட்டை வாங்கியவன் அடுத்த வருஷம் கிராபிக்ஸ் கார்டுக்குச் செம்பு பிளாக் வாங்கிச் சேர்த்தால் தீர்ந்தது கதை. பின்னால் விரிவாக்க இடம் வேண்டும் என்பதால் முதல் நாளே செம்பு, பித்தளை, நிக்கல் என்று அந்தக் குடும்பத்தோடு நின்றுகொள்வது நல்லது.

"கடையில் விற்கும் சீல் போட்ட ஆல்-இன்-ஒன் கூலரில் அலுமினிய ரேடியேட்டரும் செம்புத் தகடும் சேர்ந்துதானே இருக்கு?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. அதில் அரிப்பைத் தடுக்கும் மருந்தைக் கணக்காகக் கலந்து, காற்று புகாமல் மூடி, சில ஆண்டுகள் உழைத்தால் போதும் என்ற திட்டத்தில் செய்கிறார்கள். நாம் வருஷா வருஷம் திறந்து மூடப்போகிற லூப் அது இல்லை.

ரேடியேட்டர் விஷயத்தில்தான் வெளிநாட்டுக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்றை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்: இந்த லூப் எவ்வளவு பெரிதானாலும் தண்ணீர் அறைச் சூட்டுக்குக் கீழே போகாது. இது ஃபிரிட்ஜ் இல்லை. கட்டுகிறவர்கள் கைக்கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று பொருந்தும் அளவு ரேடியேட்டர், மிதமான வேகத்தில் சுமார் 100 வாட்டை வெளியேற்றும், தண்ணீர் அறையைவிட 10 டிகிரி கூடுதலாக நிற்கும். நம்ம 350 வாட் மெஷினுக்கு அப்படி நாலு துண்டு வேண்டும். இரண்டு 240, அல்லது ஒரு 360-ம் ஒரு 120-ம். இதே லூப் 18 டிகிரி அறையில் 28 டிகிரித் தண்ணீரோடு சுகமாக ஓடும். சித்திரை மாதம் நம்ம ஓட்டு வீட்டில் அறையே 36 டிகிரி என்றால் தண்ணீர் 46! லூப் பம்புகள் பலவற்றுக்கும் 60 டிகிரிதான் வரம்பு. குளிர் தேசத்துக்காரர் 'ஒரு 240 போதும்' என்று சொன்னதை நம்பி இங்கே வாங்கினால், வரம்பை எட்டிப் பிடிக்க அதிக நேரம் ஆகாது. காசு இருக்கும் இடத்தில் அதைப் பிளாக்கில் போடாமல் ரேடியேட்டர் அளவில் போடுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று காற்று. ஆனி, ஆடியில் நம்ம பக்கம் காற்றாலை சுற்றுகிற சுற்றில் செம்மண் தூசி சாவித் துவாரம் வழியாகக்கூட வந்துவிடும். கடல் உப்பு வேறு. ரேடியேட்டர் தகடுகள் நெருக்கமாக இருந்தால் சூடு அதிகம் போகும் என்பது காகிதத்தில் சரி. அங்குலத்துக்கு முப்பது தகடு உள்ளதை இங்கே வைத்தால் இரண்டே மாதத்தில் செங்கல் மாதிரி அடைத்துக்கொள்ளும். தகடு இடைவெளி விட்டதாக, கொஞ்சம் கனமானதாக வாங்கி, முன்னால் கழற்றிக் கழுவக்கூடிய வலை ஒன்று போடுவதே புத்திசாலித்தனம்.

'தொட்டியில் ஐஸ் போடலாமே?' என்பது வருஷாவருஷம் வரும் யோசனை. கடலோரக் காற்று 32 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதத்தோடு இருந்தால் அதன் பனிநிலை சுமார் 26 டிகிரி. தண்ணீர் அதற்குக் கீழே போனால் குழாயும் பிளாக்கும் வேர்த்துக்கொட்டும், சோடா பாட்டில் மாதிரி. வேர்வை சொட்டுவது மதர்போர்டு மேல்.

ஆனால் மண்பானை யோசனை இருக்கிறதே, அது கேலிக்குரியதே இல்லை. ஆவியாகிக் குளிரும் நீர் அறைச் சூட்டுக்குக் கீழே போகும், ஆனால் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே போகாது. ஈரக்குமிழ் வெப்பநிலை ஒருநாளும் பனிநிலைக்குக் கீழே வராது. ஆகவே வேர்க்காது! பாட்டி வைத்த பானையில் இவ்வளவு இயற்பியல் இருக்கிறது. பிறகு ஏன் வேண்டாம்? கணக்குப் போட்டால் தெரியும். 350 வாட்டை ஆவியாக்கியே விரட்ட மணிக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும். ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஊற்றும் தண்ணீரின் உப்பு பின்தங்கித் தேங்கிக்கொண்டே போகும், திறந்த தொட்டியில் தேரித் தூசி விழும். இறுதியாண்டு புராஜெக்டுக்கு அருமையான தலைப்பு. சொந்த மெஷினில் பரீட்சை பார்க்க வேண்டாம்.

பம்பில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. டி5, டிடிசி என்ற இரண்டு வகைதான் உலகமெங்கும் ஓடுகின்றன. டி5 சத்தம் குறைவு, சூடும் குறைவு. டிடிசி சின்னது, அழுத்தம் கொஞ்சம் கூடுதல். முதல் லூப்புக்கு டி5, தொட்டியோடு சேர்ந்தே வருவதாக வாங்கினால் இரண்டு இணைப்பு மிச்சம். இணைப்பு குறைந்தால் ஒழுகும் இடமும் குறையும். வேகம் காட்டும் வயரை மதர்போர்டின் சி.பி.யு. ஃபேன் முனையில் மாட்டுங்கள். பம்பு நின்றால் மெஷினே கத்தும். ஒருபோதும் தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டிப் பார்க்காதீர்கள், அதன் பேரிங்குக்குத் தண்ணீர்தான் எண்ணெய்.

ஃபிட்டிங்கில் மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு சந்தோஷம் உண்டு. எல்லா பிளாக்கிலும் ரேடியேட்டரிலும் உள்ள மரை ஜி கால் அங்குலம். அதாவது நம்ம ஒர்க்ஷாப்பில் பார்த்த பி.எஸ்.பி. இணைமரை, அங்குலத்துக்கு 19 புரி, வெளிவிட்டம் 13.16 மில்லிமீட்டர். டேப்பர் மரையில் மரையே அடைப்பு. இதில் மரை வெறும் பிடிமானம், அடைப்பது ஓ-ரிங். ஆகவே பிளம்பிங் பழக்கத்தில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். கையால் முடுக்கி, ஓ-ரிங் லேசாக நசுங்கியதும் நிறுத்துங்கள். ஹார்டுவேர் கடையில் கால் அங்குல டேப்பர் நிப்பிள் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைத் திருகினால், முதல் சில புரி நன்றாகவே ஏறும். பிறகு அக்ரிலிக் பிளாக் 'டிக்' என்று விரிசல் விடும். ஃபிட்டிங்குகளை எண்ணிப் பார்த்து, இரண்டு கூடுதலாகவே வாங்குங்கள். ஒன்றுக்காக மறுபடி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஆள் அனுப்ப முடியாது.

டியூப் விஷயத்தில் கண்ணாடி மாதிரி வளைத்து மாட்டும் கெட்டிக் குழாய்தான் எல்லோருக்கும் ஆசை. வேண்டாம். முதல் லூப்பை எப்படியும் இரண்டு மூன்று தடவை பிரிக்க வேண்டிவரும். 10/16 அளவு மெது டியூப் மடங்காது, தப்பாக வெட்டினால் இன்னொரு துண்டு வெட்டிக்கொள்ளலாம். கருப்பு ஈ.பி.டி.எம். ரப்பர் டியூப் பார்க்க அழகில்லைதான். ஆனால் தெளிவான பி.வி.சி. டியூபிலிருந்து கசியும் மென்மையாக்கும் ரசாயனம் பிளாக்கில் பசை மாதிரி படியும் தொல்லை இதில் இல்லை.

பிளாக்கைப் பற்றி இரண்டே வரி. உங்கள் சாக்கெட்டுக்கும் உங்கள் கார்டு மாடலுக்கும் பொருந்த வேண்டும். அடிப்பாகம் செம்பாக இருக்க வேண்டும். பெயர் பெற்ற கம்பெனிகளுக்குள் இருக்கும் வித்தியாசம் சில டிகிரிதான். சித்திரை வெயில் ஒரே மதியத்தில் அதைவிட அதிகம் ஏற்றிவிடும்.

மாட்டி முடித்ததும் உடனே கம்ப்யூட்டரை ஆன் செய்கிறவன் பெரிய சூதாடி. பவர் சப்ளையிலிருந்து பம்பு வயரைத் தவிர மதர்போர்டு, கார்டு, டிஸ்க் எல்லா வயரையும் கழற்றிவிடுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் பக்கத்துக் கருப்பு வயரையும் சின்ன ஜம்பரால் இணைத்தால் பவர் சப்ளை தனியாக ஓடும். எல்லா வயரும் கருப்பாக இருந்தால் 16, 17-ம் பின்கள். ஜம்பர் மாட்டும்போது சுவிட்ச் ஆஃபில் இருக்கட்டும். தொட்டியை நிரப்பி, பம்பை விட்டு விட்டு ஓட்டி, தண்ணீர் குறையக் குறைய ஊற்றி, பெட்டியை நாலு பக்கமும் சாய்த்துக் காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே வெள்ளை டிஷ்யூ பேப்பர் வையுங்கள். ஒரு ராத்திரி முழுக்க ஓடட்டும். காலையில் பேப்பர் காய்ந்திருந்தால் மீதி வயரை மாட்டலாம். ஒரு மூலை ஈரமாக இருந்தால் அந்த ஒரு ஓ-ரிங்கைக் கழற்றிப் பாருங்கள். மணல் துகள் ஒன்று உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். நம்ம ஊர் ஆயிற்றே.

செலவு அதிகம் என்பதை மறைக்கவில்லை. எல்லாம் சேர்த்தால் இன்னொரு கம்ப்யூட்டர் விலை ஆகிவிடும், பாதிச் சாமான் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். அதனால் என் யோசனை: ஒருவரே முழுச் செலவையும் தலையில் போட்டுக்கொள்ளாமல், மூன்று பிரிவிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்து டிபார்ட்மென்ட் லேபில் இருக்கும் ஒரு மெஷினுக்குக் கட்டலாம். தண்ணீரையும் உலோகத்தையும் மெக்கானிக்கல் பார்க்கட்டும், ரேடியேட்டரை ஆட்டோமொபைல் பார்க்கட்டும், சூட்டு அளவுகளை மணிக்கு மணி எழுதிவைப்பதைக் கம்ப்யூட்டர் பிரிவு பார்க்கட்டும். சித்திரையில் ஒரு வாரம், ஐப்பசி மழையில் ஒரு வாரம் என்று எழுதிய இரண்டு அட்டவணை இருந்தால், அடுத்து கட்டுகிறவனுக்கு வெளிநாட்டுக்காரர் கணக்கு தேவைப்படாது. ஆடிக் காற்று ஓய்ந்ததும் வருஷத்துக்கு ஒருமுறை லூப்பை வடித்து, வடித்த தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துத் தேதி ஒட்டி ஜன்னலில் வையுங்கள். அடியில் வெள்ளையாக எதுவும் படிந்தால் அலுமினியம் எங்கோ ஒளிந்திருக்கிறது, பச்சை தட்டினால் செம்பு கரைகிறது.